ஜூஸ் மட்டும் குடித்து எடையைக் குறைத்தால் மாரத்தான் ஓட முடியுமா? உடலுக்குள் என்ன நடக்கிறது?

'பத்து நாள் ஜூஸ், பத்து கிலோ காலி' என்று சொல்லும் வீடியோ கண்ணில் படாத நாள் குறைவு. ஜனவரியில் சென்னை மாரத்தான் நெருங்கும்போது இந்த ஆசை ஓட்டக்காரர்கள் பக்கமும் திரும்புகிறது. 'எடையைக் கொஞ்சம் இறக்கிட்டா ஓடுறது ஈஸி' என்பதுதான் கணக்கு. சோறு, இட்லி, சப்பாத்தி எதுவும் கிடையாது. காலையில் வெள்ளைப்பூசணி ஜூஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், பீட்ரூட், கேரட் சேர்த்த ஏபிசி ஜூஸ், மதியம் சாத்துக்குடி, சாயங்காலம் தர்பூசணி. ஒரு வாரம் கழித்து எடை மெஷினில் ஏறினால் எண் இறங்கித்தான் இருக்கும். அதில் பொய் இல்லை. ஆனால், உடம்பிலிருந்து இறங்கியது கொழுப்பா, தண்ணீரா, தசையா என்பதை மெஷின் சொல்லாது.

மாதக்கணக்கில் ஜூஸ் மட்டுமே குடித்துவந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்ததாகக் குடும்பத்தினர் சொன்ன செய்தி 2025-ல் தமிழ்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது. எல்லோருக்கும் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் சும்மா வீட்டில் இருப்பவர் ஜூஸ் விரதம் இருப்பதும், தினம் பத்து கிலோமீட்டர் ஓடுபவர் இருப்பதும் ஒன்றல்ல.

எடை குறைந்தால் வேகம் கூடுமா?

கூடும். ஆனால், ஒரு நிபந்தனை இருக்கிறது.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் தன் முழு எடையையும் தூக்கி முன்னால் போடுகிறது. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல சுமார் ஒரு கலோரி என்பது ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 75 கிலோ இருப்பவர் 42.195 கி.மீ. முழு மாரத்தானை முடிக்க 3,150 கலோரி வரை எரிக்க வேண்டும். அவரே 70 கிலோவாக இருந்தால் 200 கலோரி மிச்சம்.

ஆக்சிஜன் கணக்கும் இப்படித்தான். 80 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் நிமிடத்துக்கு 3.6 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 45 மில்லி. எடை 75 ஆனால் அதே 3.6 லிட்டர், கிலோவுக்கு 48 மில்லி ஆகிவிடும். கூடுதல் பயிற்சி இல்லாமலே என்ஜின் திறன் கூடியதுபோல.

அந்த 3.6 லிட்டர் குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தம் அனுப்புகிறது, தசைகள் எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன என்பதை வைத்தே அந்த அளவு அமைகிறது. போன ஐந்து கிலோ கொழுப்பாக இருந்தால் லாபம். தசையும் ரத்தத்தின் அளவும் சேர்ந்து போயிருந்தால், வண்டியின் எடையைக் குறைக்கிறேன் என்று என்ஜினைக் கழற்றிய கதைதான்.

அந்த நாலு கிலோ எங்கே போனது?

75 கிலோ ஓட்டக்காரர் ஒருவர் தினமும் ஆறு டம்ளர் ஜூஸ் குடிக்கிறார். 250 மில்லி ஆரஞ்சு ஜூஸில் ஏறக்குறைய 110 கலோரி. அப்படியானால் ஒரு நாளைக்கு 700 கலோரிக்குக் கிட்டத்தட்ட. சாதாரண வேலைகளுக்கே அவர் உடம்புக்கு 2,200 கலோரி வேண்டும் என்றால், பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இன்னொரு 750. மொத்தம் 2,950. பற்றாக்குறை 2,250 கலோரி.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. பற்றாக்குறை முழுவதையும் உடல் கொழுப்பிலிருந்தே எடுத்துக்கொண்டாலும்கூட ஒரு நாளைக்குக் கரைவது 300 கிராமுக்குள். ஐந்து நாளில் ஒன்றரை கிலோவைத் தாண்டாது. ஆனால் மெஷினோ நாலு கிலோ குறைவு என்று காட்டும். மீதி இரண்டரை கிலோ எங்கே?

பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு தினமும் ஓடவும் செய்தால் இந்தச் சேமிப்பு வேகமாகக் காலியாகும். கூடவே தண்ணீரும் வெளியேறும். இரண்டு கிலோ கணக்கு இதிலேயே முடிந்துவிடுகிறது. திட உணவே இல்லாததால் குடலில் தங்கும் கழிவும் குறையும். அது இன்னும் அரைக் கிலோ.

விரதம் முடித்து ரெண்டு நாள் சோறு சாப்பிட்டால் இவை அத்தனையும் திரும்ப வரும். அமெரிக்காவில் 20 பேரை மூன்று நாள் காய்கறி, பழ ஜூஸில் மட்டும் வைத்து நடத்தப்பட்ட ஆய்வு 2017-ல் வெளியானது. நான்காம் நாள் சராசரியாக 1.7 கிலோ குறைந்திருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குறைவு 0.9 கிலோவாகச் சுருங்கியிருந்தது.

போனது தண்ணீர்தானே, என்ன நஷ்டம்?

தண்ணீரோடு போன கிளைகோஜன்தான் நஷ்டம். நெடுந்தூர ஓட்டத்தின் முதல் எரிபொருள் அதுதான். 1967-ல் ஸ்வீடனில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ராம் குழுவினர் செய்த ஆய்வு விளையாட்டு உணவியலில் இன்றைக்கும் பேசப்படுவது. தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து கிளைகோஜனை அளந்துவிட்டு, ஒரே ஆட்களை வெவ்வேறு உணவுக்குப் பிறகு சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். வழக்கமான கலவை உணவுக்குப் பிறகு சராசரியாக 114 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். மாவுச்சத்து நிறைந்த உணவுக்குப் பிறகு 167 நிமிடம். மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திய உணவுக்குப் பிறகு வெறும் 57 நிமிடம்.

ஜூஸில் சர்க்கரை இருக்கிறதே என்று கேட்கலாம். ஆறு டம்ளரில் 150 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். ஓய்வில் இருப்பவருக்கு அதுவே ஓரளவு போதும். தினமும் ஓடுபவர் ஒரு மணி நேர ஓட்டத்திலேயே அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுவார். கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று 2004-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. அவர்கள் கலோரியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மாவுச்சத்து. சோளமாவில் கிளறிய உகாலி, சோறு, உருளைக்கிழங்கு எல்லாம் தட்டில் உண்டு. நம் ஊர் களிக்கு உகாலி தூரத்துச் சொந்தம்!

அடுத்த நஷ்டம் புரதம். ஓடும்போது தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழும். ஓய்வில் புரதத்தைக் கொண்டு உடல் அதைச் சரிசெய்யும். பயிற்சியின் பலனே இந்த ரிப்பேர் வேலையில்தான் இருக்கிறது. ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி சாதாரண ஆளுக்கே எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் தேவை. 75 கிலோவுக்கு 62 கிராம். நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் இருப்பவருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 1.2 கிராம் என்றால் 90 கிராம். ஆறு டம்ளர் பழ ஜூஸில் பத்து கிராம்கூடத் தேறாது. அப்போது உடல் தன் தசையையே உடைத்துப் பயன்படுத்திக்கொள்ளும்.

எடை இறங்க இறங்க உடல்திறனும் இறங்குவதை மிகத் துல்லியமாகக் காட்டியது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வு. 1944, 45-ல் தாமாக முன்வந்த 36 ஆண்கள் ஆறு மாதம் தினமும் சுமார் 1,570 கலோரி உணவில் இருந்தார்கள். வாரம் 35 கி.மீ. நடந்தார்கள். ஜூஸ் விரதத்தைவிட இரண்டு மடங்கு கலோரி, அதுவும் திட உணவு என்பதைக் கவனியுங்கள். எடையில் கால்வாசி குறைந்தது. கூடவே இதயத் துடிப்பு மந்தமானது, தசை வலு குறைந்தது, ஓட்டச் சோதனையில் முன்புபோல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எப்போதும் குளிர், எரிச்சல், சாப்பாட்டைப் பற்றியே சிந்தனை. உணவு திரும்பக் கிடைத்த பிறகும் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆயின.

மாதவிடாய் நின்றால் அது பயிற்சியின் அடையாளம் அல்ல

சாப்பிட்ட கலோரியிலிருந்து உடற்பயிற்சியில் எரித்ததைக் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் இதயம், மூளை, எலும்பு, ஹார்மோன்கள் எல்லாவற்றுக்குமான பட்ஜெட். கொழுப்பு நீங்கலாக உள்ள உடல் எடையில் கிலோவுக்கு 45 கலோரி இருந்தால் நல்லது. 30-க்குக் கீழே போவது ஆபத்து என்று விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் 75 கிலோ ஓட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். ஜூஸில் வந்தது 700. ஓட்டத்தில் போனது 750. மிச்சம் பூஜ்யத்துக்கும் கீழே!

பட்ஜெட் இல்லாதபோது உடல் முதலில் நிறுத்துவது, உடனடியாக உயிர்வாழத் தேவையில்லாத வேலைகளை. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நிற்கும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும். எலும்பு அடர்த்தி குறைந்து, அடிபடாமலே விரிசல் விழும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தப் பிரச்னைக்குத் தனிப் பெயரே வைத்தது. சுருக்கமாக 'ரெட்-எஸ்' என்கிறார்கள். பள்ளி வயதிலேயே சாதனைகளால் கவனம் ஈர்த்த அமெரிக்க ஓட்டக்காரர் மேரி கெய்ன், எடையைக் குறைக்கச் சொன்ன தொடர் அழுத்தத்தில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோனதையும் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஒல்லியாக இருந்தால் வேகமாக ஓடலாம் என்ற நம்பிக்கைக்கு அவர் கொடுத்த விலை அது.

வியர்வையில் போகும் உப்பு

சென்னை, மதுரை, திருச்சி வெயிலிலும் புழுக்கத்திலும் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அதோடு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகும். பழ ஜூஸில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் மிகக் குறைவு. உப்பில்லாமல் சமைத்த சாப்பாட்டைப் போலத்தான். நாள் முழுக்க ஜூஸும் தண்ணீருமாகக் குடித்துவிட்டு நீண்ட தூரம் ஓடினால் ரத்தத்தில் சோடியம் அளவு சரிய வாய்ப்பு இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓட்டத்தை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் அதிகமாகத் தண்ணீர், பானங்கள் குடித்து எடை கூடியிருந்தவர்களிடம்தான் அது அதிகம் தெரிந்தது. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகக்கூடிய பிரச்னை இது. தண்ணீர் பத்தலை என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும்.

எல்லா ஜூஸும் ஒன்றல்ல

எடை குறைப்பு வீடியோக்களில் அடிக்கடி வருவது சுரைக்காய் ஜூஸ். சமைத்துச் சாப்பிடும் சுரைக்காய் நல்ல காய்தான். ஆனால், சில காய்களில் குகர்பிட்டாசின் என்ற நச்சு அதிகமாகி, கசப்பாகிவிடும். பச்சையாகச் சாறெடுத்துக் குடித்தவர்கள் ரத்த வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தச் சரிவோடு மருத்துவமனைக்கு வந்தார்கள், உயிரிழப்புகளும் நடந்தன. 2010-ல் டெல்லியில் நடந்த மரணத்துக்குப் பிறகு ஐசிஎம்ஆர் இதற்கென்றே நிபுணர் குழு அமைத்தது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காமல் கொட்டிவிட வேண்டும். தேன், பழம், இஞ்சி எல்லாம் கலந்து அடித்தால் அந்தக் கசப்பு நாக்குக்குத் தெரியாமல் போய்விடும் என்பதுதான் இங்கே பெரிய சிக்கல்.

கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன்புளி சாறு குடித்த பத்துப் பேருக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2013-ல் மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். அதில் உள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்ததுதான் காரணம். பாலக்கீரை, பீட்ரூட்டிலும் ஆக்சலேட் அதிகம். பொரியலாகச் சாப்பிடும்போது ஒரு கைப்பிடிக் கீரைதான் உள்ளே போகும். 'கிரீன் ஜூஸ்' என்றால் ஒரு கட்டே ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடுகிறது. வியர்த்து நீர் வற்றிய உடலுக்கு அது கூடுதல் சுமை.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த விரதத்தின் பக்கமே போகக் கூடாது. உடலில் நச்சு சேர்ந்திருக்கிறது, அதை ஜூஸ் கழுவிவிடும் என்ற 'டீடாக்ஸ்' வாதத்துக்கும் ஆதாரம் இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன.

'ஆனா அந்தப் படத்துல குறைஞ்சுதே?'

ஜூஸ் விரதம் உலகம் முழுக்கப் பரவியதில் 2010-ல் வந்த 'ஃபேட், சிக் அண்ட் நியர்லி டெட்' ஆவணப்படத்துக்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோ கிராஸ் 60 நாள் ஜூஸ் மட்டும் குடித்து எடையைக் குறைப்பார். தொடங்கும்போது அவர் எடை 140 கிலோ. தோல் நோய்க்கு நீண்டநாள் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் கண்காணிப்பில் இருந்தார். அவர் மாரத்தானுக்குத் தயாராகவில்லை. ஏற்கெனவே 70, 75 கிலோவில் இருந்து, வாரம் 40 கி.மீ. ஓடுபவர் அந்தப் படத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

அப்போ எடையை எப்படி, எப்போது குறைப்பது?

ஜனவரியில் போட்டி என்றால் எடை குறைப்பு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ஓடும் தூரம் குறைவு. சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்தாலும் உடல் தாங்கும். தினமும் 300 முதல் 500 கலோரி மட்டும் குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் மெதுவாக இறங்கும். பத்து வாரத்தில் நாலு கிலோ என்பது வீடியோவுக்கு ஆகாத எண்தான். ஆனால், அதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்கும்.

300 கலோரி என்பது பெரிய தியாகம் இல்லை. சாயங்கால டீயோடு வரும் ரெண்டு வடையை விட்டாலே ஏறக்குறைய அதுதான். அதேசமயம் புரதத்தை மட்டும் குறைக்கக் கூடாது. முட்டை, மீன், கோழி, பருப்பு, கொண்டைக்கடலை, பயறு, தயிர், பனீர் என்று மூன்று வேளையிலும் ஏதாவது ஒன்று வேண்டும். நம் வீடுகளில் மதியத் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு குளம்பாகவும் இருப்பதை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. நீண்ட ஓட்டம் இருக்கும் நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் கலோரியைக் குறைக்க வேண்டாம். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எடை குறைப்பை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். அப்போது எந்த எடையில் இருக்கிறாரோ அந்த எடையில் ஓடுவதுதான் நல்லது. கடைசி வாரத்தில் பதறிப்போய் ஜூஸுக்கு மாறுவது, ஆறு மாதப் பயிற்சியைத் தொடக்கக் கோட்டிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

ஜூஸுக்கு இடமே இல்லையா?

இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல. முழு மாரத்தானுக்கு முந்தைய ஒன்றரை, இரண்டு நாளில் கிலோவுக்கு 10 கிராம் வரை மாவுச்சத்து எடுக்கச் சொல்கின்றன விளையாட்டு உணவியல் வழிகாட்டிகள். 70 கிலோ இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 700 கிராம். ஒரு இட்லியில் சுமார் 10 கிராம்தான். எழுபது இட்லி யாராலும் முடியாது! அங்கேதான் ஜூஸ் கைகொடுக்கிறது. நார்ச்சத்து குறைவு, வயிறு கனக்காது, மாவுச்சத்து சுலபமாக உள்ளே போகும். எந்தக் காரணத்துக்காக எடை குறைப்பவருக்குப் பழ ஜூஸ் வேண்டாம், முழுப் பழம் சாப்பிடுங்கள் என்கிறார்களோ, அதே காரணத்தால் அந்த இரண்டு நாள் மட்டும் ஜூஸ் உதவுகிறது.

இன்னொன்று பீட்ரூட். அதில் உள்ள நைட்ரேட், உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாய்களை விரிக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு நாள் தினமும் அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் குடித்தவர்கள் கடினமான சைக்கிள் பயிற்சியில் 16 சதவிகிதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். எட்டுப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. நன்கு பயிற்சி பெற்றவர்களுக்குப் பலன் குறைவாகவே தெரிகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. குடித்த மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது பீட்ரூட் நிறம்.

ஏற்கெனவே ஜூஸ் விரதத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது?

இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது, உடம்பில் வேறு பிரச்னை இல்லை என்றால் நிறுத்திவிட்டு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். உப்பு போட்ட கஞ்சி, நீர்மோர், இட்லி, பருப்பு சாதம் என்று தொடங்கினால் வயிறு சிரமப்படாது. இரண்டு நாள் ஓட்டத்துக்கு லீவு கொடுத்துவிட்டு, பிறகு சின்ன தூரத்தில் ஆரம்பிக்கலாம்.

ஐந்து நாளுக்கு மேல் போய்விட்டால், அதுவும் எடை வேகமாக இறங்கியிருந்தால், 'விரதம் முடிஞ்சது' என்று பிரியாணியில் உட்காரக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென நிறையச் சாப்பிடும்போது ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் வேகமாக இழுக்கப்படும். ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். இவர்கள் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அவர் சொல்லும் அளவில் படிப்படியாக உணவைக் கூட்ட வேண்டும்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல், பேச்சில் குழப்பம், நிற்காத வாந்தி, சிறுநீர் மிகக் குறைவாகவோ கோலா நிறத்திலோ போவது ஆகியவற்றில் எது வந்தாலும் எலுமிச்சை ஜூஸ் கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எத்தனை நாளாக, எந்தெந்த ஜூஸ் குடித்தார், என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதை அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சையை முடிவு செய்ய அந்தத் தகவல் தேவைப்படும்.